பாக்கெட்டைப் பாக்காமத் துவைக்கிறதில்ல

இல்லக்கா, அங்க ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு, எனக்கும் கண்ணு தெரியும். ஆனா நான் அங்க உக்கார மாட்டேன். நீங்க ஒரு சாண் தள்ளினா போதும். நான் ஒல்லி, பாதி சீட்டு குடுத்தாலே படுத்துத் தூங்கிடுவேன். ம், அவ்வளவுதான். தேங்க்ஸ்க்கா.

அது எங்க அம்மா. முன்னாலருந்து மூணாவது சீட்டு, சன்னலோரம், பக்கத்துல பச்சைப் பையை வச்சிருக்காங்க பாருங்க, அவங்கதான். சண்டையா? சண்டைன்னா பக்கத்துலயே உக்காந்து முறைச்சுக்கிட்டு வந்திருப்பேனே. இது அதைவிடப் பெரிய வம்பு. அவங்க கையில என்ன இருக்குன்னு பாருங்க. புத்தகம். அது அவங்களே எழுதினது. சத்தியமாக்கா. அட்டையில கொட்டை எழுத்துல அவங்க பேரு. காலையில பஸ் ஸ்டாண்டுல வச்சுத்தான் பதிப்பகத்து அண்ணன் கட்டைப் பிரிச்சு முதல் புத்தகத்தைக் கையில குடுத்தாரு. அம்மா என்ன பண்ணினாங்க தெரியுமா, அதைக் கன்னத்துல வச்சுப் பாத்தாங்க. துணி சரியாக் காஞ்சிருக்கான்னு பாக்கிற மாதிரி. அந்த அண்ணனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்குச் சிரிப்பு அடங்கல.

எந்தப் பக்கத்துல இருக்காங்கன்னு தெரியுதா? நீங்க கொஞ்சம் உயரம், எக்கிப் பாருங்களேன். சரி விடுங்க, தடிமனை வச்சே சொல்லிடலாம். இந்தக் கைப்பக்கம் கொஞ்சம், அந்தக் கைப்பக்கம் நிறைய. முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும். நாங்க இறங்க இன்னும் ஒண்ணரை மணி நேரம். அம்மா விறுவிறுன்னு வாசிப்பாங்க. அதுக்குள்ள தொண்ணூத்தி ஒண்ணாம் பக்கம் வந்துடும். வந்துச்சுன்னா நான் தொலைஞ்சேன்.

ஏன்னா அதை எழுதினது அம்மா இல்ல. நானு.

அங்கருந்து நாலு பக்கம். ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க. அப்படி ஒண்ணு உள்ள இருக்குன்னே அம்மாவுக்குத் தெரியாது.

சிரிக்காதீங்கக்கா. இல்ல, சிரிங்க, எனக்கும் காலையிலருந்து சிரிப்பாத்தான் வருது. பயம் வந்தா சிரிக்கிற ஜாதி நான். ஸ்கூல்ல எட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு வச்சுத் திட்டினப்பவும் சிரிச்சுட்டு, அதுக்குன்னு தனியா ஒரு திட்டு வாங்கினேன். இப்ப படிக்கலக்கா, பத்தாவதோட நின்னுட்டேன். யாரும் நிறுத்தல. வீட்டுல கஷ்டம்னு கதையெல்லாம் கிடையாது. எனக்குப் பிடிக்கல, நின்னுட்டேன். பாருங்க, நீங்களும் அடடான்னு மூஞ்சியை வச்சுக்கிறீங்க. அடடா வேணாம். ஜெராக்ஸ் கடையில டைப் அடிக்கிறேன், கண்ணை மூடிக்கிட்டு அடிப்பேன். ஸ்கூல்ல என் தாய்ன்னு ரெண்டு பக்கம் கட்டுரை கேட்டப்ப நாலு வரியில முடிச்ச ஆளு நான். அதுல ரெண்டு வரி பக்கத்துப் பொண்ணோடது.

இந்தப் புத்தகம் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. ஒரு பெரிய ஓட்டல் இருந்துச்சு. வாசல்ல கண்ணாடிக் கதவு தானா சுத்தும். அம்மா அதுல ஒன்பது வருஷம் வேலை பாத்தாங்க, ஆனா அந்தக் கதவு வழியா ஒருநாளும் போனதில்ல. பின்பக்கம் குப்பை வண்டி நிக்கிற வழியா இறங்கினா தரைக்குக் கீழ லாண்டரி. சன்னல் கிடையாது. வெளிய மழையா வெயிலான்னு மேலருந்து வர்ற துண்டு எவ்வளவு ஈரமா இருக்குன்னு பாத்துத்தான் கண்டுபிடிப்பாங்களாம். அந்த ஓட்டலை ரெண்டு வருஷத்துக்கு முன்னால மூடினாங்க. மூடினதும் பேப்பர்ல ஒரு முழுப் பக்கம் நினைவுகள் போட்டாங்க. தங்கினவங்க, மேனேஜர், பியானோ வாசிச்சவர்னு ஆளாளுக்கு உருகி உருகி எழுதியிருந்தாங்க. பால் மாதிரி விரிப்பு, பஞ்சு மாதிரி துண்டு, அது இதுன்னு. அம்மா அதை ரெண்டு தடவை வாசிச்சாங்க. வாசிச்சுட்டு மடிச்சு வச்சாங்க. வெளுப்பு தானா வந்துச்சு போல, அப்படின்னாங்க. அவ்வளவுதான்.

மறுநாள்லருந்து எழுத ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப அவங்க ஆஸ்பத்திரி லாண்டரியில இருக்காங்க. எந்த வார்டுலருந்து என்ன துணி வந்துச்சுன்னு எழுதற சீட்டு இருக்கும், பின்பக்கம் வெள்ளையா. சாப்பாட்டு நேரத்துல அதுல எழுதி ஏப்ரன் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வருவாங்க. எழுத்து கோழி கிளறின மாதிரி. நான் கடையில ஆள் இல்லாதப்ப டைப் அடிப்பேன். முதல்ல கடனேன்னுதான் அடிச்சேன். அப்புறம், அக்கா, எங்க கடைக்காரர் பின்னால நின்னு படிச்சுக்கிட்டு, அடுத்த சீட்டு எப்ப வரும்னு என்னை நச்சரிக்க ஆரம்பிச்சுட்டாரு.

ஆ, பாருங்க பாருங்க. தோள் குலுங்குது. சிரிக்கிறாங்க. அப்படின்னா நாப்பத்தி ரெண்டு. கஞ்சியோட அத்தியாயம். கஞ்சின்னா அவங்க சூப்பர்வைசர். லாண்டரியில இருந்தவங்க வச்ச பேரு. சட்டை அவ்வளவு விறைப்பு, மனுஷன் குனிஞ்சா மொடமொடன்னு சத்தம் கேக்குமாம். அந்தச் சத்தத்தை வச்சுத்தான் அவர் வர்றது தெரியும், உடனே எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும். உக்கார நாற்காலியே கிடையாது, அதனால துணி மூட்டை மேலதான் உக்காந்திருப்பாங்க. ஒருதடவை மேல ரெஸ்டாரண்டுல ஒரு கால் உடைஞ்ச நாற்காலியை எறிஞ்சாங்கன்னு இவங்க எடுத்துக் கட்டு போட்டு வச்சிருக்காங்க. கஞ்சி அதைத் தூக்கி பாய்லர்ல போட்டுட்டாரு. ஒன்பது வருஷத்துல நாற்காலின்னு ஒண்ணு அங்க இருந்தது மொத்தம் நாலு மணி நேரம்னு அம்மா எழுதியிருக்காங்க. இன்னொரு நாள் அம்மா கை ஸ்டீம் பிரஸ்ல மாட்டி வெந்துபோச்சு. கஞ்சி ஓடி வந்தாரு. வந்து முதல்ல விரிப்பைத் தூக்கிப் பாத்தாரு, அதுல தோல் ஒட்டியிருக்கான்னு. இதையெல்லாம் அம்மா அழுது எழுதலக்கா. நீங்க இப்ப சிரிச்சீங்கல்ல, அப்படிச் சிரிக்க வச்சுட்டு அடுத்த வரியில ஊசி போட்டுடுவாங்க.

ஆனா ஒரு விஷயத்துல மட்டும் அம்மா சீரியஸ். பாக்கெட். ஓட்டல் ஏப்ரன்ல பாக்கெட்டே இருக்காது, தெரியுமா? இவங்க எதையாவது எடுத்துப் போட்டுக்குவாங்கன்னு பாக்கெட் வைக்காமத்தான் தைப்பாங்க. வெளிய போறப்ப பையைக் கொட்டிக் காட்டணும். ஆனா வர்ற துணியில இருக்கிற பாக்கெட்டையெல்லாம் இவங்க பாக்கணும். பாக்கெட்டைப் பாத்துட்டுத்தான் துவைக்கணும், அதுதான் அங்க முதல் பாடம். கிடைச்சதை ரூம் நம்பர் போட்ட சீட்டுல கட்டி ஒரு தகர டப்பாவுல போடணும். சீட்டுல ஓட்டல் பேர், விலாசம் எல்லாம் அச்சடிச்சிருக்கும். சாவி, கடுதாசி, மோதிரம், ஒருதடவை ஒரு பல்லு. அம்மா ஒரே ஒரு பாக்கெட்டைக்கூட விட்டது கிடையாது. உள்பக்கமா இழுத்துத் திருப்பி மூலையை நகத்தால சுரண்டிப் பாப்பாங்க. வீட்டுலயும் அதே கதைதான். நான் ஏழாவதுல மார்க் ஷீட்டை எட்டா மடிச்சுப் பாவாடைப் பாக்கெட்ல ஒளிச்சு வச்சேன், மறுநாள் அது இஸ்திரி போட்ட மாதிரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல இருந்துச்சு. எனக்கு மட்டும் அம்மா எல்லா கவுன்லயும் பாக்கெட் வச்சுத் தைப்பாங்க. எனக்குத்தான் இல்ல, நீயாவது வச்சுக்கோன்னு. கிழிஞ்ச தலையணை உறையில தச்சது.

என்னையும் அங்க கூட்டிட்டுப் போவாங்களா? ஆமா, வீட்டுல விட ஆள் இல்லையே. இஸ்திரி மேசைக்குக் கீழ துணி மூட்டைக்கு நடுவுல உக்கார வச்சிருப்பாங்க. கஞ்சி வந்தா மூச்சு விடக்கூடாது. எனக்கு அது விளையாட்டு. எனக்கு அங்க ரொம்பப் பிடிக்கும்க்கா, வெதுவெதுன்னு இருக்கும்.

இப்ப எங்க இருக்காங்க? பக்கம் திருப்புற வேகத்தைப் பாருங்களேன். எச்சில் தொட்டு, எச்சில் தொட்டு. கண்டக்டர் தாண்டிப் போறாரு, நிமிந்துகூடப் பாக்கல. அறுபது தாண்டியிருக்கும். உங்ககிட்ட பிஸ்கட் ஏதாவது இருக்கா? ரெண்டு போதும். தேங்க்ஸ்.

ஒன்பதாம் அத்தியாயம். சொல்றேன். எனக்கு ஆறு வயசு. முன்னூத்தி பன்னெண்டாம் ரூம்லருந்து ஒரு கோட்டு வந்துச்சு. உள்பாக்கெட்ல ஒரு வாட்ச். அம்மா வழக்கம்போல எடுத்து, சீட்டு கட்டி, டப்பாவுல போட்டாங்க. சாயங்காலம் அந்த ரூம்ல தங்கின ஆள் கேட்டு விட்டப்ப டப்பாவுல வாட்ச் இல்ல. அந்தக் கோட்டை வாங்கினதுக்குக் கையெழுத்து போட்டிருந்தது அம்மா. கஞ்சி யோசிக்கவே இல்ல. ரெண்டு பொம்பளைங்களை மேலருந்து வரவழைச்சு, தொங்கற விரிப்புக்குப் பின்னால அம்மாவைக் கூட்டிட்டுப் போயி, எல்லாத்தையும் கழட்டச் சொல்லிப் பாத்தாங்க. கொண்டையை அவுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் கிடைக்கல. கிடைக்கலன்னா விட்டுடணும்ல? பாய்லர் பக்கத்துல தலைவிரிச்ச மாதிரியே நிக்க வச்சாரு. ஷிப்ட் முடிஞ்சு போறவங்க ஒவ்வொருத்தரா அவங்களைப் பாத்துக்கிட்டே போகணும்னு உத்தரவு. முப்பது பேர் போனாங்க. ஒன்பது வருஷம் கூட வேலை பாத்தவங்க. ஒருத்தராவது அம்மா அப்படிப்பட்டவ இல்லன்னு சொல்லல. ஒரே ஒரு அம்மா மட்டும் போறப்ப கீழ கிடந்த ஹேர்பின்னை எடுத்துக் கையில குடுத்துட்டுப் போனாங்க. அதைக் குடுத்ததுக்கு அவங்களுக்கும் திட்டு.

நான் மேசைக்குக் கீழருந்து அத்தனையும் பாத்தேன். எனக்குக் காலு மட்டும்தான் தெரியும். முப்பது பேர் காலு. அம்மா காலு மட்டும் அசையவே இல்ல.

அன்னிக்கே வேலை போச்சு. மத்த ஓட்டலுக்கெல்லாம் கஞ்சி ஆள் விட்டுச் சொல்லிட்டாரு. நாலு வருஷம் யாரும் எங்கயும் துணியைத் தொட விடல. மாடி மாடியாப் படி கழுவினாங்க. கொடுமை என்னன்னா, ஒரே வாரத்துல அந்த வாட்ச் தபால்ல ஓட்டலுக்கே வந்து சேந்துடுச்சு. கட்டின சீட்டோட, அனுப்பினவங்க பேர் இல்லாம. ஹேர்பின் எடுத்துக் குடுத்த அந்தம்மாதான் வந்து சொன்னாங்க. அப்பயாவது கூப்பிட்டாங்களான்னா, இல்ல. திருடினவளுக்குப் பயம் வந்துடுச்சு போலன்னு கஞ்சி சொன்னாராம். அவ்வளவுதான் நியாயம்.

இதைத்தான் அம்மா ஒன்பதாவதா எழுதினாங்க. ஒரு மாசம் ஆச்சு. பதினாலு சீட்டு. எழுதி முடிச்சாச்சு, நாளைக்குத் தர்றேன்னாங்க. மறுநாள் வந்து என்ன சொன்னாங்க தெரியுமா? ஏப்ரன் பாக்கெட்ல வச்சது மறந்து மெஷின்ல போட்டுட்டேன்னாங்க. கையில ஒரு உருண்டை. காகிதக் கூழு. அங்கங்க நீலமா மை. சரிம்மா, திரும்ப எழுதுன்னேன். முடியாது, ஒருதடவைதான் முடியும்னாங்க. ஒன்பதை விட்டுட்டு, பத்தை ஒன்பதுன்னு போட்டுக்கோன்னு சொல்லிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போயிட்டாங்க.

எப்படிக்கா விடுறது? அந்த ஒரு நாளுக்காகத்தானே மொத்தப் புத்தகமும். அதை எடுத்துட்டா சட்டைக்கு முதுகு இல்லாத மாதிரி. நான் ரெண்டு நாள் பொறுத்தேன். மூணாவது நாள் கடையில உக்காந்தேன், அம்மாவே சொல்ற மாதிரி நான் நான்னு போட்டு ஆரம்பிச்சேன். பாய்லர் சூடு, ஹேர்பின், முப்பது பேர் காலு. கையே நிக்கல. நாலு வரிக்காரி நாலு பக்கம் அடிச்சு, அம்மாகிட்டச் சொல்லாமலே அனுப்பிட்டேன். பதிப்பகத்து அண்ணன் போன் பண்ணாரு. இதுதான்மா புத்தகத்தோட உசுருன்னு அழறாரு, நான் போனைக் கையால பொத்திக்கிட்டுச் சிரிக்கிறேன். எனக்குத் தலைகால் புரியல.

வம்பு அங்கதான். இப்ப நாங்க போறது ஒரு லைப்ரரிக்கு. புத்தகம் வெளியிடற கூட்டம். அம்மா மேடையில ஒன்பதாம் அத்தியாயத்தை வாசிக்கணும்னு அந்த அண்ணன் சொல்லியிருக்காரு. அம்மா சரின்னுட்டாங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் ஒன்பதுன்னா பழைய பத்து, ஆஸ்பத்திரி விரிப்புக்குள்ள ஒரு தாத்தாவோட பல் செட்டு வந்த கதை. நேத்து முழுக்கக் கண்ணாடி முன்னால நின்னு பல் செட்டுக் கதையைச் சிரிக்காம வாசிச்சுப் பழகினாங்க. நான் பக்கத்துல உக்காந்து கை தட்டினேன். சொல்ல வாயைத் தொறப்பேன், சிரிப்பு வந்துடும். மூடிக்குவேன். அதான் பஸ்லயே வாசிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். மேடையில நின்னு முதல்தடவையாப் பாக்கிறதுக்கு இது தேவலையில்ல? நீங்களே சொல்லுங்க.

அவங்களோட அந்த ஒரு நாளை நான் திருடிட்டேன்னு அம்மா சொல்வாங்களா? சொல்லலாம். ஆனா அதுக்கு மட்டும்தான்னா நான் பக்கத்துல உக்காந்து திட்டு வாங்கிக்குவேன், எனக்கென்ன புதுசா. கடைசியில ஒரு நாலு வரி இருக்குக்கா. அதுக்குத்தான் இங்க வந்து உங்க பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டிருக்கேன்.

பக்கம் திரும்பல. பாத்தீங்களா? ரொம்ப நேரமாத் திரும்பல. எச்சில் தொட்ட விரல் அப்படியே மேல நிக்குது.

வந்துட்டாங்க. தொண்ணூத்தி ஒண்ணு.

ஐயோ, என் கையைப் பிடிச்சுக்கோங்க. திருப்பிட்டாங்க. ரெண்டாவது பக்கம். மெதுவா. இவ்வளவு மெதுவா அம்மா எதையும் வாசிச்சதில்ல. அழறாங்களான்னு தெரியல, இங்கருந்து கொண்டை மட்டும்தான் தெரியுது. நீங்க ஏதாவது பேசுங்களேன், எதையாவது கேளுங்க.

என்னது?

வேணும்னேவா? இல்லக்கா, மறந்துட்டுத்தான் மெஷின்ல போட்டிருப்பாங்க. மனுஷங்கதானே. ஆமா, ஒரு பாக்கெட்டைக்கூட விட்டதில்லன்னு நான்தான் சொன்னேன். ஒன்பது வருஷம் அங்க, ஏழு வருஷம் இங்க. ஆனா அன்னிக்கு அவசரத்துல... அன்னிக்கு என்ன அவசரம்? ஞாயித்துக்கிழமை அது. பாதி மெஷின் ஓடாது. அதுவும் அவங்க ஏப்ரன், அவங்க பாக்கெட், ஒரு மாசம் எழுதின பதினாலு சீட்டு. கூழு உருண்டையைக் கையில குடுத்துட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் ஐயோ போச்சேன்னு குதிச்சேன். அவங்க குதிக்கல.

அக்கா, ஒரு நிமிஷம். கொஞ்சம் பேசாம இருங்க.

பதினாலு சீட்டுல அப்படி என்ன எழுதியிருந்தாங்க?

புத்தகத்தை மூடிட்டாங்க. விரலை உள்ள வச்சு மூடியிருக்காங்க. திரும்பிப் பாக்கல. பாருங்க, பச்சைப் பையை எடுக்கறாங்க. சீட்டுலருந்து எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. கையால சீட்டைத் தட்டி விடறாங்க, ரெண்டு தட்டு. அது வேற யாருக்கும் இல்ல, எனக்குத்தான். சின்ன வயசுல மேசைக்குக் கீழ மூட்டையை அப்படித்தான் தட்டிக் குடுப்பாங்க, வந்து உக்காருன்னு.

அந்த நாலு வரியா? அது ஒண்ணும் இல்லக்கா. வாட்ச்சை எடுத்தது என் மக, அவளுக்கு ஆறு வயசு, இத்தனை நாளும் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரல, அப்படின்னு எழுதினேன். ஆமா, நான்தான். டப்பாக்குள்ள டிக்டிக்னு ஏதோ பூச்சி மாதிரி சத்தம் கேட்டுச்சு, எடுத்துக் கவுன் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். எல்லாரையும் சோதிச்சாங்க, என்னை யாரும் சோதிக்கல. வீட்டுக்கு வர்ற வரைக்கும் பாக்கெட்டைக் கையால பொத்திக்கிட்டே வந்தேன். அப்படியே தூங்கிட்டேன். காலையில எந்திரிச்சுப் பாத்தா கவுன் கொடியில ஈரமாத் தொங்குது, பாக்கெட் காலி. வர்ற வழியில விழுந்திருக்கும், யாரோ நல்லவங்க எடுத்துச் சீட்டுல இருந்த விலாசத்துக்கு அனுப்பிட்டாங்கன்னு பதினோரு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன். அந்தக் கவுனைத் துவைச்சது யாருன்னு இப்பத்தான்க்கா யோசிக்கிறேன்.

காலைக் கொஞ்சம் நகத்திக்கோங்க. நான் அங்க போய் உக்காரணும்.